கடைசிப் பொத்தான்

கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. கதவோரம் காற்று அடிக்கும், சுவர்ப் பக்கமாக வாருங்கள். துணி மடிக்கிறவர்கள் மடித்துக்கொண்டே கேட்கலாம். கதைக்குக் காது போதும், கை சும்மா இருக்க வேண்டியதில்லை. இன்றைக்கு ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்லப்போகிறேன். மூன்று நிமிஷத்தில் கற்றுக்கொண்டுவிடலாம், அவ்வளவு சின்ன விளையாட்டு. நடுநடுவே சிரிக்கவும் வைப்பேன். முடியும்போது வாய் கசந்தால் மட்டும் என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நம் துப்பறியும் அம்மாளை எல்லோரும் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் கடை கடையாகப் போய் எடைக்கல்லைச் சோதித்த உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகு மனிதர்களைச் சோதிக்கிறாள். முகம் எந்தப் பக்கமும் சாயாது. அவளுடைய உதவியாளனுக்கு விசில் என்று பெயர். பழைய பஸ் கண்டக்டர். பஸ் போய்விட்டது, வாய் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை காலையில் அவர்கள் அறைக்கு ஒரு பெண் வந்தாள். பல் டாக்டரின் கிளினிக்கில் போன் எடுக்கிற வேலை அவளுக்கு. உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது என் வீட்டுக்காரர் சட்டைப் பையில இருந்துச்சு. அவர் போய் மூணு வாரம் ஆச்சு."

சலவை நிலையத்தில் துணிக்குக் குத்துகிற சீட்டு அது. பின்பக்கம் பென்சிலில் ஐந்து எண்கள்: 17, 13, 9, 5, 1. கீழே ஒரு கோடு.

விசில் எட்டிப் பார்த்தான். "பதினேழு, பதிமூணு, ஒன்பது... மேடம், இதெல்லாம் நான் ஓட்டின ரூட்டு. அஞ்சாம் நம்பர் பஸ்ல மட்டும் போகாதீங்க, பாதி வழியில இறக்கி தள்ளச் சொல்வான்."

"கொஞ்சம் தள்ளி நில்லு," என்றாள் தராசு. "நீங்க சொல்லுங்கம்மா."

அவள் சொன்னதை நான் சுருக்கித் தருகிறேன். ஆஸ்பத்திரிக்கும் ஓட்டலுக்கும் விரிப்பு வெளுக்கிற பெரிய சலவை நிலையம். அங்கே அவள் கணவரும் அவளுடைய தம்பியும் ஒன்றாக வேலை பார்த்தார்கள். தம்பிக்கு அவர் மாமா. நாமும் மாமா என்றே சொல்லிக்கொள்வோம், அவளை அக்கா என்போம், முறை குழம்பாது. சனிக்கிழமைதோறும் வெந்நீர்த் தொட்டிக்குள் ஒருவர் இறங்கி, உள்சுவரில் கட்டிப்போன உப்புக் காரையைச் சுரண்ட வேண்டும். மற்றவர் வெளியே நீராவி வால்வு பக்கத்தில் காவல் இருக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்பு மாமா உள்ளே இருக்கும்போது நீராவி வந்துவிட்டது.

"வால்வு பழசு, தானா கசிஞ்சிடுச்சுன்னு கம்பெனியில சொல்றாங்க. பதினொன்றரை மணிக்குப் பார்த்தாங்களாம்," என்றாள் அக்கா. "வெளியில இருந்தது என் தம்பி."

"தம்பி என்ன சொல்றார்?"

"ஒன்னும் சொல்ல மாட்டேங்கிறான். என் முகத்தையே பார்க்க மாட்டேங்கிறான். அன்னைக்குக் காலையிலகூட எனக்கு போன் பண்ணி ஒரே சண்டை. எங்க கிளினிக்ல எழுத்து வேலைக்கு அவனுக்காக நான் டாக்டர்கிட்ட கேட்டு வச்சிருந்தேன். 'எனக்காக யார்கிட்டயும் எதுவும் கேட்காதன்னு எத்தனை தடவை சொல்றது'ன்னு கத்தினான். நானும் விடல. அந்த ஆத்திரத்தை இவர் மேல காட்டிட்டானோன்னு..." அவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாக, "யார் உள்ள இறங்கணும்னு ஒரு விளையாட்டு ஆடித்தான் முடிவு பண்ணுவாங்களாம். போன வாரம் அங்க வேலை பார்க்கிற ஒரு அம்மா சொன்னாங்க. ஒரு வருஷமா எல்லா வாரமும் இவர்தான் தோத்திருக்காரு. எல்லா வாரமும் தம்பிதான் ஜெயிச்சிருக்கான். ஒரு தடவை ரெண்டு தடவை சரி. வருஷம் பூராவுமா?"

"நாங்க என்ன கண்டுபிடிக்கணும்?"

"வீட்டைக் காலி பண்ணிட்டேன். வாடகை கொடுத்துத் தனியா இருக்க முடியல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வேன் வருது. நானும் என் பொண்ணும் தம்பி வீட்டுக்குத்தான் குடி போறோம். அவனை விட்டா எங்களுக்கு யாரும் இல்ல." அக்கா சீட்டைத் தராசின் பக்கம் தள்ளினாள். "வேன்ல ஏறுறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும். என் புருஷனைக் கொன்னவன் வீட்டுச் சோத்தை என் பொண்ணுக்கு ஊட்ட முடியுமா, மேடம்?"

விசில் ஜோக் எதுவும் அடிக்காமல் ஸ்கூட்டர் சாவியைத் தேடி எடுத்தான். அவன் வாழ்க்கையில் அது அபூர்வம்.

சலவை நிலையத்துக்குள் நுழைந்தால் முதலில் சூடு அறையும், பிறகு சோப்பு மணம், அதற்குப் பிறகுதான் ஆட்கள் தெரிவார்கள். மலை மலையாக வெள்ளை விரிப்பு. நடுவில் இஸ்திரிப் பகுதி. மூலையில் ஒரு லாரியை நிமிர்த்தி வைத்தது போல் அந்தத் தொட்டி. பக்கவாட்டில் ஆள் நுழையும் வட்டத் துவாரம். பத்தடி தள்ளி வால்வின் சக்கரம்; அதைத் திறந்தால் தொட்டிக்கும் இஸ்திரிப் பெட்டிகளுக்கும் சேர்ந்தே நீராவி போகும். சக்கரத்துக்கு முன்னால் ஒரு ஸ்டூல். வால்வும் புதிது, ஸ்டூலும் புதிது. பெயின்ட் வாசனை போகவில்லை.

தராசு நேரே தொட்டியின் பின்சுவருக்குப் போனாள். அங்கே பென்சிலால் இரண்டு பத்தி கிழித்து வாரா வாரம் கோடு போட்டிருந்தார்கள். ஒரு பத்தியின் தலையில் ஒரு மீசை வரைந்திருந்தது, மற்றதில் ஒரு தொப்பி. மீசை மாமா, தொப்பி தம்பி. தோற்றவர் பக்கம் ஒரு கோடு. ஆரம்பத்தில் கோடுகள் இங்கும் அங்குமாக விழுந்திருந்தன. ஓரிடத்துக்குப் பிறகு தொப்பிப் பக்கம் வெறும் சுவர். மீசைப் பக்கம் நாற்பத்தொரு கோடு, ஒன்றன் கீழ் ஒன்றாக, மழைத்தாரை போல.

அதற்குள் விசில் இஸ்திரிக்காரப் பெண்கள் நடுவில் போய் நின்று அவர்களுடைய டீயையே வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினான்.

"மேடம், பதினொன்றரை கதை புளுகு. அந்தக் கோடி மேஜை அம்மா சொல்றாங்க, பதினோரு மணிக்கு டீ வண்டி உள்ள வந்துச்சாம். குடிச்சு முடிச்சு கிளாஸைக் கழுவுறதுக்குள்ள இஸ்திரிப் பெட்டிக்கு ஆவி வந்துடுச்சாம். பதினொன்னு பத்து. இன்னைக்கு என்ன தொட்டி வேலை இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சுதேன்னு அவங்களே பேசிக்கிட்டாங்களாம்."

"வால்வு கசிஞ்சா இஸ்திரிப் பெட்டி வரைக்கும் ஆவி போகாது," என்றாள் தராசு. "யாரோ சக்கரத்தைத் திருப்பியிருக்காங்க."

அவள் இஸ்திரி மேஸ்திரியைத் தேடிப் பிடித்தாள். நல்ல உயரம், கழுத்தில் துண்டு. கேள்வியைக் கேட்டதும் அந்தத் துண்டு பாடுபட்டது.

"ஸ்டூல் காலியா இருந்துச்சும்மா," என்றார் கடைசியில். "ஸ்டூல்ல ஆள் இருந்தா உள்ள வேலை நடக்குது, காலின்னா முடிஞ்சிடுச்சு. இங்க வழிவழியா அதுதான் பழக்கம். எல்லாருக்கும் தெரியும்."

"எங்கயாவது எழுதி வச்சிருக்கா?"

"எல்லாருக்கும் தெரியறதை எதுக்கு எழுதணும்?"

"துவாரத்துல எட்டிப் பார்த்தீங்களா?"

மேஸ்திரி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "ஓட்டல் விரிப்பு முந்நூறு நின்னுச்சும்மா. எட்டிப் பார்க்கிற பழக்கம் இல்ல. முதலாளிதான் வால்வுன்னு சொல்லச் சொன்னாரு."

ஆக, திருப்பிய கை தெரிந்துவிட்டது. ஆனால் அக்கா கேட்டது அந்தக் கையை அல்ல. ஸ்டூலில் இருக்க வேண்டியவன் எங்கே போனான்? வருஷம் முழுக்க அவன் எப்படி ஜெயித்தான்? சொல்லிவைத்து ஜெயித்தவன் சொல்லிவைத்து எழுந்தும் போயிருக்கலாம் அல்லவா?

தம்பி துணிக்கிடங்கில் இருந்தான். முப்பது வயது இருக்கும், ஒல்லி. பேசும்போது நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினான். விளையாட்டைப் பற்றிக் கேட்டதும் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கவிழ்த்தான். சலவையில் சட்டைகளிலிருந்து அறுந்து விழுகிற பொத்தான்கள். விதவிதமாக இருபத்தொன்று.

"ஒருத்தர் மாத்தி ஒருத்தர் எடுக்கணும். ஒரு தடவைக்கு ஒன்னு, ரெண்டு, இல்ல மூணு. எடுக்காம இருக்கக் கூடாது. கடைசிப் பொத்தானை எடுக்கிறவர் ஜெயிச்சவர். ஜெயிச்சவர் ஸ்டூல்ல. தோத்தவர் தொட்டியில."

"முதல்ல எடுக்கிறது யாரு?"

"நான்தான். எப்பவும். 'நீ சின்னவன், நீ எடு மாப்ளே'ன்னுவாரு மாமா."

தராசு டப்பாவை வாங்கிக்கொண்டு விசிலோடு பக்கத்து அறைக்குப் போனாள். அழுக்குத் துணி எடை போடுகிற அறை அது. எடை மேஜையைக் கண்டதும் அவள் முகத்தில் சொந்தக்காரரைப் பார்த்த களை வந்தது. பொத்தான்களை அதன்மேல் பரப்பினாள்.

"ஆடு."

ஆடினார்கள். முதல் ஆட்டம் விசில் ஜெயித்தான், அடுத்தது தராசு, அதற்கடுத்தது விசில்.

"மேடம், இது வெறும் அதிர்ஷ்டம். எனக்கு அதிர்ஷ்டம் உண்டு, இல்லாட்டி என் சமையலைத் தின்னே நான் உயிரோட இருப்பேனா?"

"ஆரம்பத்துல இருந்து யோசிச்சா அதிர்ஷ்டம் மாதிரிதான் தெரியும். கடைசியில இருந்து யோசி. மேஜையில நாலு பொத்தான் இருக்கு. எடுக்க வேண்டியது நீ. என்ன பண்ணுவே?"

"ஒன்னு எடுப்பேன்."

"மீதி மூணையும் நான் எடுத்துடுவேன்."

"சரி, ரெண்டு."

"மீதி ரெண்டு எனக்கு."

"மூணு."

"மீதி ஒன்னு எனக்கு. நாலைப் பார்த்து உட்கார்ந்தவன் தொலைஞ்சான். அப்ப எட்டு இருந்தா?"

விசில் விரலை மடக்கினான். "நான் எதை எடுத்தாலும் நீங்க நாலு ஆக்கிடுவீங்க. நான் ஒன்னுன்னா நீங்க மூணு, நான் ரெண்டுன்னா நீங்க ரெண்டு. ரெண்டு பேரும் சேர்ந்து நாலு நாலா கரைக்கிறோம். அட! அப்ப எட்டு, பன்னெண்டு, பதினாறு, இருபது... எல்லாமே சாவுக்குழி!"

"இருக்கிறது இருபத்தொன்னு. முதல் ஆள் ஒன்னே ஒன்னை எடுத்துட்டா?"

"எதிராளி இருபதைப் பார்த்து உட்காருவான். முடிஞ்சான்." விசில் மேஜையைத் தட்டினான். "முதல்ல எடுக்கிறவனுக்கு இந்தக் கணக்கு தெரிஞ்சா அவனை யாராலயும் ஜெயிக்க முடியாது. முதல்ல எடுத்தது தம்பி. நாற்பத்தொரு வாரம் ஜெயிச்சதும் தம்பி. படுபாவி! வாங்க மேடம், போலீஸுக்குச் சொல்லிட்டுச் சாப்பிடப் போவோம்."

"சாப்பாடு எங்கயும் போகாது. நீ போய் அவனோட ஆடு. அவனையே முதல்ல எடுக்கச் சொல்லு."

ஒரு தள்ளுவண்டியைக் கவிழ்த்துப்போட்டு, அதன் மேல் தம்பியும் விசிலும் ஆடினார்கள். கண்ணுகளா, இந்த ஆட்டத்தைக் கவனித்துக் கேளுங்கள். ஒரு பொத்தானை எடுத்து இருபதை விட வேண்டிய தம்பி மூன்றை எடுத்தான். மீதி பதினெட்டு. விசில் இரண்டை எடுத்துப் பதினாறாக்கினான். தம்பி ஒன்று, விசில் மூன்று. மீதி பன்னிரண்டு. தம்பி இரண்டு, விசில் இரண்டு. மீதி எட்டு. தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்து மூன்று எடுத்தான். விசில் ஒன்று எடுத்து நாலு ஆக்கினான். அதன் பிறகு சொல்ல ஒன்றுமில்லை. இன்னொரு ஆட்டம். அதிலும் தம்பி தோற்றான். மூன்றாவதிலும் தோற்றான்.

விசில் தராசின் காதோரம் வந்தான். ஜெயித்தவன் முகமாகவே இல்லை.

"மேடம், இவனுக்கு இந்தக் கணக்குல ஒரு மண்ணும் தெரியல. கண்டபடி எடுக்கிறான். இப்படி ஆடுறவன் நாற்பத்தொரு வாரம் எப்படி..."

தராசு அந்தத் துண்டுச் சீட்டை வெளியே எடுத்தாள். பதினேழு, பதிமூன்று, ஒன்பது, ஐந்து, ஒன்று. எடைக்கல்லைப் பார்ப்பது போல் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தாள்.

"விசில், ஜெயிக்க நினைக்கிறவன் எந்த நம்பரைக் குறிச்சு வச்சுக்குவான்?"

"இருபது, பதினாறு, பன்னெண்டு, எட்டு, நாலு."

"இதுல அது ஒன்னுமே இல்லையே."

"இது தப்பா எழுதினதோ?"

"எல்லாம் சரியா ஒரு பொத்தான் தள்ளி இருக்கு. தப்பா எழுதறவன் இவ்வளவு ஒழுங்கா தப்பு பண்ண மாட்டான்." அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. "நகரு. நான் ஆடறேன்."

தம்பிக்கு எதிரே உட்கார்ந்தாள். "நீங்க சின்னவர். நீங்க எடுங்க."

அந்த வார்த்தையைக் கேட்டதும் தம்பி ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தான். இரண்டு எடுத்தான். தராசு இரண்டு எடுத்தாள். மீதி பதினேழு. அவன் மூன்று, அவள் ஒன்று. பதிமூன்று. அவன் ஒன்று, அவள் மூன்று. ஒன்பது. அவன் மிச்சத்தை விரல் வைத்து எண்ணினான். இரண்டு எடுத்தான். அவள் இரண்டு. ஐந்து. அவன் மூன்றை எடுத்தான். அவள் ஒன்றை எடுத்தாள்.

தள்ளுவண்டியின் மேல் ஒரே ஒரு நீலப் பொத்தான் மிச்சமிருந்தது.

"உங்க முறை," என்றாள் தராசு. "எடுங்க. ஜெயிச்சுட்டீங்க."

தம்பி அதைத் தொடவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"உங்க மாமா தோக்கறதுக்குக் கணக்கு கண்டுபிடிச்சார்," என்றாள் தராசு. "கடைசிப் பொத்தான் உங்களுக்கே வரணும்னு. நாற்பத்தொரு வாரமும். உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"அன்னைக்குத்தான்." மூச்சு விசிலடித்தது அவனுக்கு. நம் விசில் கேலி செய்யவில்லை, ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். "அன்னைக்கு மாமாவுக்கு முதுகு பிடிச்சிருந்துச்சு. குனிய முடியல. சரி, இந்த வாரம் நானே இறங்கிடறேன்னு நினைச்சு, வேணும்னே தோக்கப் பார்த்தேன். எப்படி எடுத்தாலும் கடைசி எனக்கே வருது. செல்லாது, மறுபடி ஆடலாம்னேன். மூணு தடவை ஆடினோம், மேடம். மூணு தடவையும் தோக்க முடியல என்னால. அப்பத்தான் பொறி தட்டுச்சு. சட்டையைப் பிடிச்சுக் கேட்டேன். சிரிச்சாரு. 'உனக்கு இழுப்பு இருக்குன்னு உங்கக்கா சொல்லிச்சு மாப்ளே. ஒரே ஒரு தடவைதான் சொல்லிச்சு, ரெண்டு பேர்ல ஒருத்தர் இறங்கணும்னா அவனை விடாதீங்கன்னு. நேரா சொன்னா நீ கேட்க மாட்டே. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா உன் வேலை போயிடும்'னு சொல்லிட்டு உள்ள இறங்கிட்டாரு."

"நீங்க?"

"எனக்கு ஜிவ்வுன்னு ஏறிடுச்சு. ஒரு வருஷமா அவருக்கு முன்னாடி மார் தட்டியிருக்கேன் மேடம், நான் மூளைக்காரன், நீங்க மக்குன்னு. அந்தச் சுவத்துல தொப்பி போட்டது நான். அவர் சிரிச்சுக்கிட்டே கோடு போடுவாரு." அவன் தரையைப் பார்த்தான். "எழுந்து போயிட்டேன்."

"எங்க?"

"டீ குடிக்க."

"டீ வண்டி உள்ளயே வருமே?"

அவன் கைகூப்பினான். "அக்கா கேட்டா டீ குடிக்கப் போனேன்னு சொல்லிடுங்க. என் அஜாக்கிரதைதான், நான்தான் கொன்னேன்னுகூடச் சொல்லிடுங்க. என்னைத் திட்டட்டும், வீட்டுக்கு வராம இருக்கட்டும். வேற எதுவும் அவ கேட்க வேண்டாம்."

தராசு எழுந்தாள். அந்த நீலப் பொத்தானை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

விசில் ஸ்கூட்டரை எடுக்கப் போனபோது அவள் மட்டும் வாசல் கேட்டில் நின்றாள். காவலாளியின் கூண்டுக்குள் ஒரு போன் இருந்தது. அந்த நிலையத்தில் தொழிலாளிகள் வெளியே பேச அது ஒன்றுதான்.

"அந்தச் சனிக்கிழமை இதுல யாராவது பேசினாங்களா? டீ நேரத்துல?"

"தம்பிதாம்மா," என்றார் காவலாளி. "டீ வண்டி உள்ள போனதும் வந்தாரு. அவங்க அக்காகிட்ட ஒரே கத்தல். அப்புறம் அடங்கி, வைக்கிறேன்க்கா, ஸ்டூல் காலியா இருக்கும், வைக்கிறேன்க்கான்னு நாலஞ்சு தடவை கெஞ்சினாரு. அந்தப் பக்கம் விட்டாத்தானே? பத்து நிமிஷம் ஆச்சு பாவம்."

தராசு போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். விசில் ஹாரன் அடித்தான். "என்ன மேடம், ஏதாவது சிக்குச்சா?"

"இல்ல," என்றாள். இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் அவள் ஒரு நாளும் எடையைத் தவறாகச் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை.

ஐந்து மணிக்கு அக்கா வீட்டு வாசலில் வேன் நின்றது. கட்டில் ஏறிவிட்டது, பாத்திர மூட்டை ஏறிவிட்டது. உள்ளே வெறும் அறை. சுவரில் காலண்டர் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. வேனுக்குப் பக்கத்தில் தம்பி தலையைக் குனிந்தபடி கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அக்காவின் எட்டு வயது மகள் கயிற்றின் மறுநுனியைப் பிடித்திருந்தாள்.

வெறும் அறையில் நின்றபடியே தராசு சொன்னாள். "உங்க தம்பி சதி பண்ணல. அந்த ஆட்டம் அவருக்குச் சரியா ஆடக்கூடத் தெரியாது. உங்க வீட்டுக்காரர்தான் அவரை ஜெயிக்க வச்சார். இந்த நம்பரெல்லாம் தோக்கறதுக்கு அவர் எழுதிவச்ச கணக்கு."

"தோக்கறதுக்கா? எதுக்கு?"

தராசு சீட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தாள். "தம்பிக்கு இழுப்பு இருக்குன்னு அவருக்குத் தெரியும்."

அக்கா சுவரில் சாய்ந்தாள். எதையோ தேடுவது போல அவள் கண் அறையைச் சுற்றிவந்தது. "நான்தான் சொன்னேன். ஒரு நாள் சாப்பாடு போடும்போது சொன்னேன். அவர் ஆமாம்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. குழம்பு ஊத்துன்னாரு. நானே மறந்துட்டேன், மேடம். வருஷம் பூரா அவர் முட்டியில காரை வெட்டின காயத்தோட வருவாரு. ஏன் உங்களுக்கு இவ்வளவு துரதிர்ஷ்டம்னு மருந்து போட்டுவிட்டேன்."

வெளியே கயிறு இழுபடுகிற சத்தம் கேட்டது.

"சரி," என்றாள் அக்கா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அப்ப அவன் ஏன் ஸ்டூல்ல இல்ல?"

"டீ குடிக்கப் போயிருக்கார்," என்றாள் தராசு. நேராகப் பார்த்துச் சொன்னாள். தராசு சாய்ந்ததை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆனால் விசிலுக்கு மனசு தாங்கவில்லை. நல்லவன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தான். "ரொம்ப நேரம் கஷ்டப்பட்டிருக்க மாட்டாரும்மா. பதினொன்றரைன்னு அவங்க சொன்னது பொய். பதினொன்னு பத்துக்கெல்லாம் முடிஞ்சுபோச்சு. டீ குடிச்சு கிளாஸ் கழுவுற நேரம்தான். ஒரு டீ இவ்வளவு விலை வைக்கும்னு அந்தத் தம்பிக்கு எப்படித் தெரியும்?"

"பதினொன்னு பத்தா?" என்றாள் அக்கா.

தராசு விசிலின் கையைப் பிடித்தாள். நேரம் தாண்டிவிட்டது.

"எங்க கிளினிக்ல வர்ற ஒவ்வொரு போனையும் நான் நோட்டுல எழுதணும்," என்றாள் அக்கா. குரல் போன் எடுக்கிறவளின் குரலாக, தெளிவாக இருந்தது. "எத்தனை மணிக்கு வந்துச்சு, எவ்வளவு நேரம் பேசினாங்கன்னு. பதினொன்னு அஞ்சு. தம்பி. பத்து நிமிஷம். நான்தான் எழுதினேன்."

விசிலின் முகம் வெளுத்தது.

"ஸ்டூல்னு ஏதோ சொன்னான். எந்த ஸ்டூல்னு நான் கேட்கல. டாக்டர்கிட்ட கேட்டதுக்குத்தான் கத்தறான்னு நினைச்சேன், இவர்கிட்ட கேட்டதுக்குன்னு தோணல. வைக்கிறேன்க்கா, வைக்கிறேன்க்கான்னான். என்னை எதிர்த்துப் பேசிட்டு போனை வச்சுடுவியா, நில்லுடான்னு நான்தான்..." அவள் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் வெளியே போகவில்லை.

பிறகு கையை எடுத்தாள். கூந்தலை அள்ளி முடிந்தாள். "இது அவனுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்," என்றாள் தராசு. "மூணு வாரமா நீங்க அவரைக் கொலைகாரன் மாதிரிப் பார்த்தீங்க. வாயைத் திறக்கல."

அக்கா வாசலுக்கு வந்தாள். தம்பி கயிற்றை விட்டுவிட்டு நின்றான். அவன் கண் முதலில் தராசைப் பார்த்தது, அதன் பிறகுதான் அக்காவைப் பார்த்தது.

"டேய்," என்றாள் அக்கா. "அன்னைக்கு டீ குடிக்கப் போயிட்டியா?"

அவன் கயிற்றை மறுபடி கையில் எடுத்தான். "ஆமாக்கா. டீ குடிக்கத்தான் போனேன்."

"சரி."

அவ்வளவுதான் சொன்னாள். மகளைத் தூக்கி வேனில் உட்காரவைத்தாள். "மாமா பக்கத்துல உட்காரு கண்ணு," என்றாள் தம்பியைக் காட்டி. தானும் ஏறினாள்.

கேட்டீர்களா கண்ணுகளா? கடைசிப் பொத்தானை அவனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டாள். புருஷனிடமிருந்து அவள் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். இனி அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுவார்கள். அவள் டீ போட்டுக் கொடுப்பாள், அவன் குடிப்பான்.

வேன் திருப்பத்தில் மறைந்த பிறகு விசில் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். "என் நாக்கை அறுத்துப் போடுங்க மேடம்."

"அவ கேட்டது தெரியணும்னுதானே," என்றாள் தராசு. "தெரிஞ்சுபோச்சு."

முந்தானை முடிச்சை அவிழ்த்து நீலப் பொத்தானைப் பார்த்தாள். யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. திரும்பவும் முடிந்துகொண்டாள். மறுநாள் அரசாங்கத்தின் தொழிற்சாலை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினாள். மேஸ்திரி திருப்பிய சக்கரம், முதலாளி சொல்லச் சொன்ன பொய், எங்கேயும் எழுதிவைக்காத அந்த ஸ்டூல் பழக்கம், எல்லாம் அதில் இருந்தன. போனைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

எழுந்திருங்கள், பொழுதாகிவிட்டது, அவரவர் வீட்டுக்குப் போங்கள். உங்களுக்காக யாராவது தினமும் சிரித்துக்கொண்டே தோற்றுக்கொண்டிருந்தால் அவர் முட்டியில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது போனை வைக்கிறேன் என்று சொன்னால் வைக்கவிடுங்கள். உங்கள் வீட்டில் உள்ளே போனவர்கள் எல்லோரும் பத்திரமாக வெளியே வரட்டும், காவலுக்கு உட்கார்ந்தவர் எழுந்து போகாதிருக்கட்டும், என் செல்வங்களே. உங்கள் அடுப்பு அணையாமல், அந்த அடுப்பைச் சுற்றி உட்காருபவர்களுக்கு மறைக்க ஒன்றும் இல்லாமல், நீங்கள் நன்றாக இருங்கள்.